அண்டார்டிகாவில் மாப்பிள்ளை ஊடு பார்த்தோம்

ஊடு பாக்காம பொண்ணு குடுக்கற வழக்கம் எங்க சொந்தத்துல கிடையாது. மாப்பிள்ளை கலெக்டராவே இருந்தாலும், நாலு பேர் போய் அவன் ஊட்டு வாசல்ல நிக்கணும். கிணத்துல தண்ணி கிடக்குதா, மாட்டுத் தொட்டி சுத்தமா இருக்குதா, வேலைக்கு வர்ற ஆளுகளை என்ன மரியாதையில பேசறாங்க, எல்லாம் பாத்துட்டு வந்தாத்தான் மேற்கொண்டு பேச்சு. இதைத்தான் எம்மக பூங்கொடிகிட்ட போன்ல சொன்னேன். அவ தென் துருவத்துக்குச் சுற்றுலா போற கப்பல்ல, பயணிகளுக்குப் பறவைகளைப் பத்தி விளக்கிச் சொல்ற வேலையில இருந்தா. அதே கப்பல்ல ரப்பர் படகு ஓட்டற மத்தியாஸ்ங்கற அர்ஜென்டினாக்காரப் பையனைக் கட்டிக்கப் போறேன்னு அன்னைக்குத்தான் சொல்லியிருந்தா.

"அவனுக்கு அப்பா அம்மா இல்லீங்கம்மா. ஊடுன்னு பாத்தா இந்தக் கப்பல்தான்."

"அப்ப கப்பலையே வந்து பாக்கறேன்"னு வேகத்துல சொல்லிட்டேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கப்பல்ல வேலை செய்யறவங்களோட சொந்தக்காரங்களுக்குக் காலி அறை குடுப்பாங்களாம். கார்த்திகை பிறக்கறதுக்குள்ள எனக்கும் எங்கூட்டுக்காரருக்கும் எல்லாம் தயாராயிடுச்சு.

எங்களுக்கு ஊடு கொல்லிமலை அடிவாரத்துல, பேளுக்குறிச்சியில. மலைமேல சோளக்காடுங்கற ஊர்ப் பக்கம் மிளகும் காப்பியும் போட்ட தோட்டம் ஒண்ணு இருக்குது. ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருசம் ஆன சமயம் அது. அதுவரைக்கும் நான் பாத்த தூரதேசம் பழனிதான்.

கிளம்பறதுக்கு முந்தி பூங்கொடி போன்ல ஒண்ணு சொன்னா. "நீங்க பாத்துட்டு வேண்டாம்னா நான் அவனைக் கட்டிக்கலீங்கம்மா. ஆனா அப்புறம் வேற எவனையும் காட்டி, கட்டிக்கன்னு சொல்லக் கூடாது." சரின்னு சொன்னா மக உலகத்தோட அந்தக் கோடியிலயே இருந்துருவா. வேண்டாம்னு சொன்னா ஒண்டிக்கட்டையாவே நிப்பா. நான் சொல்றதுலதான் எல்லாம்னு அவ என் தலையில கட்டிட்டா.

எங்க பக்கத்துல இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மாப்பிள்ளை ஊட்டுல கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சோறு தின்னுட்டா சம்பந்தத்துக்குச் சம்மதம்னு அர்த்தம். ஊடு பாக்கப் போறவங்க மத்தியானமானாலும் பசியோட திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல சாப்புடுவாங்க. கப்பல்தான் மாப்பிள்ளை ஊடுன்னா, கடலுக்கு நடுவுல பஸ் ஸ்டாண்டுக்கு எங்க போறது? அதனால கட்டுச்சோறு மூட்டையோட கிளம்பினேன். மலைத்தேன், சாமை அரிசி, ராகி மாவு, மிளகு, புளிக்காய்ச்சல், மலைவாழைப்பழம், ஒரு டின் முறுக்கு, ஒரு டின் எள்ளுருண்டை, சுக்குக் காப்பிப் பொடி.

அர்ஜென்டினா ஏர்போர்ட்ல சோதனை போட்ட அம்மா ஒவ்வொண்ணா எடுத்து அந்தப் பக்கம் வச்சா. வெளிநாட்டு விதை, மாவு, பழம் எதையும் உள்ள விடமாட்டாங்களாம். மிளகுப் பையைத் திறந்து மோந்து பாத்துட்டு அடுக்கடுக்காத் தும்மினா பாருங்க, எனக்குக் கொஞ்சம் மனசு ஆறுச்சு. முறுக்கையும் எள்ளுருண்டையையும் சுக்குப் பொடியையும் மட்டும் போனாப் போகுதுன்னு விட்டா.

"புள்ளே, இனி என்ன பண்றது?"ன்னார் எங்கூட்டுக்காரர்.

"முறுக்குத் தின்னுங்க"ன்னேன்.

உசுவாயாங்கறது கப்பல் கிளம்பற ஊரு. பேளுக்குறிச்சி மாதிரியே மலையை முதுகுல சாத்திக்கிட்டு உக்காந்திருக்குது. என்ன, இந்த மலை மேல பனி. பூங்கொடி ஓடி வந்து கட்டிக்கிட்டா. பின்னாலயே நெடுநெடுன்னு ஒரு பையன். மூக்கு வெயில்ல பட்டுத் தோல் உரிஞ்சு கிடக்குது, செம்பட்டைத் தாடி. கையைக் கூப்பிக்கிட்டு, "சாப்டீங்களா?"ன்னான்.

தமிழ்ல இந்த ஒரு பேச்சுத்தான் எம்மக கத்துக் குடுத்திருக்கா. உலகத்துல எத்தனை வார்த்தை இருக்குது, பட்டினி கிடக்க வந்தவளைப் பாத்துக் கேக்க இதுதான் கிடைச்சுதா?

கப்பல்ல ஏறின சாயங்காலமே சாப்பாட்டு அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாரியம்மன் பண்டிகை விருந்து கெட்டுது போங்க. ரொட்டியில மட்டும் கணக்கில்லாத வகை. மலைமலையாப் பழம், வெண்ணெயில மினுக்கற உருளைக்கிழங்கு, கேக்கு. நான் வெந்நீர் மட்டும் வாங்கிச் சுக்குக் காப்பி கலந்துக்கிட்டேன். தண்ணிக்குச் சொந்தக்காரன் எவனும் இல்லை, அதனால அது கணக்குல வராது. எங்கூட்டுக்காரர் அந்த உருளைக்கிழங்கையே பாத்துக்கிட்டிருந்தார். மேசைக்கடியில தொடையைக் கிள்ளி எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்.

"ஏனம்மா, இங்கயுமா அந்தக் கட்டுப்பாடெல்லாம்?"னு பூங்கொடி தலையில கை வச்சுக்கிட்டா.

"ஊடு எங்க இருந்தாலும் ஊடுதான் கண்ணு"ன்னேன்.

மறுநாள் பட்டினி கிடக்கறது சுலபமாப் போச்சு. டிரேக் கடல்னு ஒண்ணு இருக்குது. கொல்லிமலையோட எழுபது கொண்டை ஊசி வளைவுலயும் பஸ்ஸுக்குள்ள நின்னுக்கிட்டே வெத்தலை போட்டுட்டு வர்றவ நான். அந்த மண்டைக்கனமெல்லாம் அந்தக் கடல்ல கரைஞ்சுது. கட்டில் ஒரு பக்கம் போகுது, வயிறு ஒரு பக்கம் போகுது. நடைவழியில கைப்பிடிக் கம்பி நெடுக வாந்தி எடுக்கறதுக்குக் காகிதப் பை சொருகி வச்சிருந்தாங்க. நம்ம மலை பஸ்ஸுலயும் இப்படி வச்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு அந்த நிலைமையிலயும் நினைச்சேன். மத்தியாஸ் தட்டுத் தடுமாறாம நடந்து வந்து, பச்சை ஆப்பிளை நறுக்கி உப்பு பிஸ்கட்டோட கொண்டாந்து வச்சான். குமட்டலுக்கு அதான் மருந்தாம். "சாப்டீங்களா?"ன்னான். நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

அந்தக் கடல் தாண்டின காலையில பூங்கொடி கதவைத் தட்டி, "அம்மா, மேல வாங்க"ன்னா. போனேன். சாமி, நான் என்னத்தைச் சொல்ல! கடல் கண்ணாடி மாதிரி கிடக்குது. அதுல கோயில் கோபுர உசரத்துக்கு ஐஸ் மலைக மிதக்குது. வெள்ளைன்னுதான நினைச்சிருந்தேன், அடியில அப்படி ஒரு நீலம். மார்கழியில சோளக்காட்டுல கம்பளியைப் போத்திக்கிட்டுக் குளிர் குளிர்னு பேசுவோமே, அதெல்லாம் ஒரு குளிரா? ஆனா அழுகை வந்துருச்சு எனக்கு. பக்கத்துல எங்கூட்டுக்காரரும் மூக்கை உறிஞ்சினார். அவர் மீசையில வெள்ளையா ஏதோ ஒட்டியிருந்துச்சு.

"என்னங்க அது மீசையில?"

"பனி, புள்ளே"ன்னார்.

இதுக்குள்ள சமையல்கட்டுல கலவரம். பெரிய சமையல்காரர் ரோமெல், பிலிப்பைன்ஸ்காரர். எங்க மேசைக்கே வந்து தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னார். "எங்க சமையல்ல என்ன குறைன்னு கேக்கறாரும்மா. காரம் வேணுமா, சோறு குழையணுமா, எதுன்னாலும் செய்யறாராம்"னு பூங்கொடி எடுத்துச் சொன்னா. பாவமாப் போச்சு. வேற வழியில்லாம எம்மக எங்க வழக்கத்தை அவர்கிட்டச் சொன்னா. அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள்ள கப்பல் பூராத் தெரிஞ்சு போச்சு. ஹில்டான்னு ஒரு ஜெர்மன்காரம்மா தினம் காலையில எங்க மேசைகிட்ட வந்து, "இன்னைக்கா?"ன்னு பூங்கொடியைக் கேக்கும். இல்லைன்னதும் உச்சுக் கொட்டிட்டுப் போகும்.

மத்தியாஸுக்கும் தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவன் என்னைப் பாத்தா, "சாப்டீங்களா"ன்னு கேக்கறதை விட்டுட்டான். கையை மட்டும் கூப்புவான். எனக்கு அது என்னவோ போல இருந்துச்சு, ஆனா வெளிய காட்டிக்கலை.

ஐஸ் மலையைப் பாத்த அன்னைக்கு மத்தியானம் பூங்கொடி மேடையேறி மைக்கைப் பிடிச்சு இங்கிலீஷுல பேசினா. நாளைக்கு எப்படி நடந்துக்கணும்னு எல்லாருக்கும் சொல்றாளாம். எனக்கு ஒரு எழுத்துப் புரியலை. ஆனா அத்தனை வெள்ளைக்காரங்களும் கையைக் கட்டிக்கிட்டு எம்பொண்ணு வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஏதோ ஒரு இடத்துல அவ ஒரு கையால குழி மாதிரி காட்டி, இன்னொரு கையால மூடற மாதிரி காட்டினா. எங்கூட்டுக்காரர் தாங்க மாட்டாம படபடன்னு கை தட்டினார். அவர் ஒருத்தர்தான் தட்டினார்.

கரை இறங்கறதுக்கு முந்தி பெரிய ஆசாரம். வெளிமண்ணு, வெளிவிதை ஒண்ணும் அங்க போய்ச் சேரக் கூடாதாம். துணிமணி, பாக்கெட்டு எல்லாத்தையும் குப்பை உறிஞ்சற மிஷின் வச்சு உறிஞ்சறாங்க. மத்தியாஸ்தான் மிஷினைப் பிடிச்சிருந்தான். என் ஸ்வெட்டர் பாக்கெட்டைத் திருப்பினா சாமை உமி, ரெண்டு மிளகு, ஒரு காப்பிக் கொட்டை. "தோட்டத்தையே சுருட்டிக்கிட்டு வந்துட்டீங்களாம்மா?"ன்னு பூங்கொடி சிரிச்சா. அப்புறம் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், அதை ரோஸ் கலர் மருந்துத் தண்ணியில முக்கி ஒரு தேய்ப்பு. சேலையை ரூம்ல மடிச்சு வச்சுட்டு, ஆம்பளை மாதிரி கால்சட்டை போட்டு நின்னேன். எங்கூட்டுக்காரர் என்னைப் பாக்கவே வெக்கப்பட்டார்.

ரப்பர் படகு எங்க மலைமேல இருக்கற வாசலூர்பட்டி ஏரிப் படகு மாதிரி சாதுவா இல்லை. தூக்கித் தூக்கிப் போடுது. கரைக்குப் போறதுக்கு முந்தியே வாசம் வந்துருச்சு. கண்ணை மூடினா நாமக்கல் கோழிப்பண்ணை! எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க, எங்களுக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு. பென்குயினுக ஆயிரக்கணக்குல நிக்குது. கூட்டுக்குப் பொடிக்கல்லுதான் வேணுமாம் அதுகளுக்கு. ஒண்ணு கல்லுப் பொறுக்க அந்தப் பக்கம் போனா, பக்கத்துக் கூட்டுக்காரன் நைசா வந்து அதோட கல்லு ஒண்ணைத் தூக்கிட்டுப் போறான். வரப்பை அரைச்சாண் நகத்திப் போடற பங்காளியேதான். "இங்கயுமா?"ன்னு எங்கூட்டுக்காரர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

சிரிச்சுக்கிட்டே நான் தடத்தை விட்டு ரெண்டடி தள்ளி வச்சேன். பொதுக்குன்னு தொடை வரைக்கும் பனிக்குள்ள இறங்கிருச்சு. ஐயோன்னு கத்தினேன். மத்தியாஸ் ஓடி வந்து என்னைத் தூக்கி வெளிய உக்கார வச்சான். உக்கார வச்சவன் என்ன பண்ணினான் தெரியுமா? அடி பட்டுதா, வலிக்குதான்னு ஒரு பார்வை இல்லை. கையில இருந்த மண்வெட்டியை எடுத்து நான் விழுந்த குழியைத் தூர்க்க ஆரம்பிச்சுட்டான். பனியை அள்ளிப் போட்டு, பூட்ஸால மிதிச்சு, தட்டித் தட்டிச் சமம் பண்ணிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. அறைக்கு வந்ததும் எங்கூட்டுக்காரர்கிட்டப் பொரிஞ்சு தள்ளினேன். "மாமியாக்காரி கால் ஒடிஞ்சு கிடக்கறா, இவனுக்குக் குழியப் பத்திக் கவலை! நாளைக்கு எம்பொண்ணு காச்சலாக் கிடந்தா என்ன பண்ணுவான்? அவளை விட்டுட்டுக் கட்டிலைத் துடைப்பானா?"

"கால் ஒடியலையே, புள்ளே."

"ஒடிஞ்சிருந்தா?"

பூங்கொடி வந்து, "என்னம்மா, என்ன முடிவு பண்ணுனீங்க?"ன்னா. பாக்கலாம்னு மட்டும் சொன்னேன். எங்க சனத்துல 'பாக்கலாம்'னா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியும். முகம் சுண்டிப் போச்சு. அப்படியே திரும்பிப் போயிட்டா. எதுத்துப் பேசியிருந்தாக்கூடப் பரவாயில்லை. அந்த ஊர்ல பொழுதே இறங்காது. வெளிச்சத்துலயே படுத்து, வெளிச்சத்துலயே முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன். எள்ளுருண்டை தீந்து போச்சு, முறுக்கு டின் அடியில தூளாக் கிடந்துச்சு. பசியை விட எம்மக முகம்தான் அதிகமா வதைச்சுது.

கடைசியா இறங்கின கரையில காலையில இருந்தே வானம் சரியில்லை. சீக்கிரம் பாத்துட்டுத் திரும்பிரணும்னு சொல்லித்தான் இறக்கினாங்க. நான் கால் போன போக்குல போகாம தடத்துலயே நடந்தேன். கொஞ்ச தூரத்துல ஒரு பென்குயினோட தலை மட்டும் பனிக்கு மேல தெரிஞ்சுது. என்னடா, உக்காந்திருக்குதான்னு பாத்தா, குழிக்குள்ள விழுந்து கிடக்குது. எங்களுக்கு முந்தி போன படகுல யாரோ தடம் மாறிக் கால் வச்ச குழி. ரெண்டு ரெக்கையையும் பனிச்சுவத்துல அடிச்சு அடிச்சுப் பாக்குது, ஏற முடியலை. வாயைத் திறந்து கத்துது. நான், "கண்ணு, கண்ணு!"ன்னு பூங்கொடியைக் கூப்பிட்டேன். அவளுக்கு முந்தி மத்தியாஸ் வந்தான். கிட்டப் போகாம, சுத்தி வந்து, மண்வெட்டியால ஒரு பக்கத்தைச் சரிவா வெட்டி விட்டுட்டு நகந்துக்கிட்டான். பென்குயின் தத்தித் தத்தி ஏறுச்சு. உடம்பை ஒரு உதறு உதறிட்டு, அவனைத் திரும்பிக்கூடப் பாக்காம போச்சு.

"பாக்காம விட்டிருந்தா அதுலயே கிடந்து செத்துப் போயிருக்கும்மா. அதோட கூட்டுல முட்டை இருக்கும், அதும் போயிருக்கும். அன்னைக்கு மேடையில இதைத்தானே சொன்னேன், அப்பாகூடக் கை தட்டினாங்களே"ன்னா பூங்கொடி.

எனக்கு சுரீர்னுச்சு. குச்சிக்கிழங்கு பிடுங்கின குழியை மூடாம வந்துட்டா, எங்கூட்டுக்காரரை நான் என்ன பேச்சுப் பேசியிருக்கேன்! கன்னுக்குட்டி கால் ஒடிச்சுக்கும்யா, புத்தியிருக்குதான்னு தோட்டமே அதிரக் கத்துவேன். என்னைத் தூக்கி உக்கார வச்சவன், நான் முழுசா இருக்கறதைப் பாத்துட்டுத்தான் குழிக்குப் போயிருக்கான். நான் பண்ற அதே காரியத்தை அவன் பண்ணினதுக்குத்தான் நான் முகத்தைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

அதுக்குள்ள காத்து கிளம்பிருச்சு. கப்பல்ல இருந்து வாங்க வாங்கன்னு ரேடியோவுல கூப்பிடறாங்க. எல்லாரையும் படகு படகா ஏத்தி அனுப்பினாங்க. கடைசிப் படகுல நாங்க உக்காந்திருந்தோம், படகை இன்னொருத்தர் பிடிச்சிருந்தார். மத்தியாஸும் பூங்கொடியும் வரலை. எங்கடான்னு திரும்பிப் பாக்கறேன். அந்தச் சரிவுல ஒரு கோடியில அவன், மறு கோடியில அவ. ஆளுக்கொரு மண்வெட்டி. நாங்க அத்தனை பேரும் மிதிச்சு மிதிச்சு விட்ட குழியை ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வர்றாங்க. காத்து ஆளைத் தள்ளுது. ஒருத்தருக்கொருத்தர் பேச்சில்லை, நீ இதை மூடு நான் அதை மூடறேன்னு கைசாடை இல்லை. அவ விட்டதை அவன் எடுக்கறான், அவன் விட்டதை அவ எடுக்கறா. நடுவுல வந்து சேந்ததும் அவ தொப்பி காதை விட்டு விலகியிருந்ததை இழுத்து மூடி விட்டான். ரெண்டு பேரும் மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி வந்தாங்க.

வேலை முடிஞ்சு காட்டுல இருந்து வர்ற புருசன் பொண்டாட்டியை நான் எத்தனையோ பாத்திருக்கேன். ரெண்டு பேர் ஒத்துப் போறாங்களா இல்லையான்னு அந்த நடையிலயே தெரிஞ்சு போகும். எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் பாக்க வந்த ஊட்டைப் பாத்துட்டேன். என் கண்ணுல தண்ணி கொட்டுச்சு, காத்து அதைக் காது வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

"குளிருதா, புள்ளே?"ன்னார் எங்கூட்டுக்காரர்.

"பசிக்குதுங்க"ன்னேன்.

கப்பல்ல ஏறினதும் ரோஸ் கலர்த் தண்ணித் தொட்டி. மத்தியாஸ் குனிஞ்சு ஒவ்வொருத்தர் பூட்ஸையும் பிரஷ்ஷால தேச்சு விட்டுக்கிட்டிருந்தான். என் முறை வந்துச்சு. நிமிந்து பாத்தான், கையைக் கூப்பினான், திரும்பவும் குனிஞ்சான்.

நான் காலை எடுக்கலை. "கண்ணு, இவனுக்கு என்னமோ கேக்கச் சொல்லிக் குடுத்திருந்தியே. ஏன் இப்பல்லாம் கேக்கறதில்லை? கேக்கச் சொல்லு"ன்னேன்.

பூங்கொடி கையில இருந்த மண்வெட்டி டமார்னு விழுந்துச்சு. அவ அவனைப் பாத்து என்னமோ சொன்னா, பாதி இங்கிலீஷு, பாதி அழுகை. அவன் பிரஷ்ஷைப் பிடிச்சபடியே எந்திரிச்சான். தாடியெல்லாம் ஐஸ். மெதுவா, ஒவ்வொரு எழுத்தாக் கேட்டான்.

"சாப்... டீங்களா?"

"இல்லே சாமி. வா, சோறு போடு."

எனக்குப் பின்னால வரிசையில நின்ன ஹில்டா அம்மா, பாஷை தெரியாமலே, ஹோன்னு கத்திக் கை தட்டுச்சு. எங்கூட்டுக்காரர் பெரிசா ஒரு மூச்சு விட்டார். "அப்பாடா! இனி நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்க வேண்டியதில்லை."

நான் திரும்பிப் பாத்தேன்.

"அந்தக் கேக்கு மேல சக்கரைப் பொடி தூவியிருப்பான், புள்ளே. மீசையில ஒட்டிக்கும்"னார். ஐஸ் மலையைப் பாத்து நான் அழுத அன்னைக்கே இந்த மனுசன் எம்பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டார்!

ரோமெலை யாரும் அடுப்புகிட்ட விடலை. மத்தியாஸ்தான் சோறாக்கினான், பருப்பும் வச்சான். சமையல்காரங்க அத்தனை பேரும் வாசல்ல நெருக்கிக்கிட்டு நின்னு பாத்தாங்க. கையால பிசைஞ்சு ஒரு வாய் வச்சேன். உப்புக் கரிச்சுது. அவனும் எம்மகளும் என் வாயவே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் முழுங்கிட்டு, தட்டை அவன் பக்கம் நகத்தி, இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.